முன் சக்கரத்துக்கு ஒரு பூட்டு

முன் சக்கரங்களில் வலது மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இடது முன் சக்கரம், அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பதுபோல அசையாமல் நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒற்றுமையாகச் சுற்றி, ஒற்றுமையாகச் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். பக்கத்து இருக்கையில் நர்ஸ் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் மருந்துப் பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன.

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்."

"பழகிடுச்சு அண்ணே. கையைக் கொடுங்க, இறங்கிக்கறேன்."

ஓட்டுநருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. இருபத்திரண்டு வருஷமாக மருத்துவமனை ஜீப்பை ஓட்டுகிறார். வேகமானியின் முள் நாற்பதைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுவதில் மட்டுமல்ல, சட்டைக்குப் பொத்தான் போடுவதிலும் அவர் அப்படித்தான். அவசரத்துக்கு அவரிடம் வேலையில்லை.

வியாழக்கிழமைதோறும் நர்ஸையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் குடியிருப்புக்குப் போய்வருவது அவர் வேலை. மலையேறுவதற்குச் சற்று முன்னால் பாதையின் குறுக்கே இந்தப் பள்ளம். பக்கத்தில் முப்பது வீடுகள். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் சேறு குறையாது. ஒருமுறை நிதானமே இருபது கூடை கல் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு கல்லைக்கூடக் காணோம். சேறு விழுங்கிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள்.

நல்ல மனிதர்கள். வண்டி மாட்டிக்கொண்ட கால்மணி நேரத்தில் கயிறு, பலகை, மண்வெட்டி எல்லாம் வந்துவிடும். எப்போதும் கயிற்றோடு முதலில் வருபவரை நிதானம் கயிற்றுக்காரர் என்றே அழைத்தார். நர்ஸ் நிற்கக் கூடாதென்று ஒரு பெஞ்சைக்கூடத் தூக்கிவந்து மரத்தடியில் போடுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நர்ஸும் பெட்டியைத் திறந்து, ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார், இன்னொருவருக்குக் காயத்தில் கட்டு மாற்றுவார், குழந்தைகளை எடை போடுவார். ஜீப் வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் மலைமேல் காத்திருந்தவர்கள் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அன்று திரும்பி வந்ததும் மருத்துவமனை மேலாளர் நிதானத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

"வாராவாரம் இதே கதைதான். வழியில எங்கயும் நிக்கக் கூடாதுன்னு எழுத்துலயே கொடுத்திருக்கோம்."

"நான் நிக்கல சார். வண்டிதான் நிக்குது."

மேலாளர் சிரிக்கவில்லை. இன்னும் ஆறு வாரம் பார்ப்பதாகவும், அதற்குள் மலைமேல் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே நடக்கும் மருத்துவ முகாமையே நிறுத்திவிட்டு, ஜீப்பை நகரத்துக்குள் ஓடவிடப் போவதாகவும் சொன்னார். வெளியே வந்த நிதானத்துக்கு மலைமேல் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் தச்சர். ஏழு மாதக் கர்ப்பிணியான பள்ளி ஆசிரியை. முகாம் நின்றால் அவர்கள் பதினான்கு கிலோமீட்டர் இறங்கி வர வேண்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானம் அன்றே ஒரு காரியத்தைத் தொடங்கினார். பின் ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் வசதி, ஜீப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருந்தது. முன்னால் இல்லை. முன் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே பலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். வளைவில் திரும்ப அந்தக் குணம் வேண்டும். சேற்றில் அதுவே வினை. இரண்டையும் பூட்டிவிட்டால் ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுத்துவிடும். அந்தப் பூட்டுக்குக் கடைகளில் லாக்கர் என்று பெயர். எனவே அவர் ஒரு வெள்ளைத்தாளில், முன் ஆக்சிலுக்கு லாக்கர் ஒன்று தேவை என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், இடுப்பு உயரத்தில், மூன்று சாவிகளோடு ஓர் இரும்புப் பெட்டி.

பொருட்கிடங்குக்காரருக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

"லாக்கர்னுதானே எழுதியிருந்தீங்க?"

"முன் ஆக்சிலுக்குன்னும் எழுதியிருந்தேனே."

"வண்டிக்கு முன்பக்கம் வைக்கறதுக்குன்னு புரிஞ்சுக்கிட்டோம்."

திருப்பிக் கொடுக்க வேறொரு படிவம் உண்டாம். அதற்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை பெட்டி வண்டியின் சொத்து, வண்டியோடுதான் இருக்க வேண்டும். முன்பக்க பம்பரின் மேல் நான்கு போல்ட் போட்டு அதை முடுக்கினார்கள். அந்த வியாழக்கிழமை ஜீப் பள்ளத்தில் விளக்குவரை இறங்கியது. வண்டியை வெளியே எடுக்க மூன்றேகால் மணி நேரம். நர்ஸ் பஞ்சையும் துணிக்கட்டுகளையும் பாதுகாப்பாக அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். திறக்கலாம் என்று பார்த்தால் மூன்று சாவிகளும் மருத்துவமனையில் மூன்று அதிகாரிகளின் மேசைகளில் இருந்தன.

இதற்குள் செய்தி நிதானத்தின் தெருவுக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் அவர் மனைவியிடம், அலுவலகத்திலேயே லாக்கர் கேட்கிற அளவுக்கு உங்களிடம் நகை சேர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். மனைவி வீட்டின் முன்னறையில் தையல் தொழில் செய்பவள். வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

மேலாளரிடம் நேரில் போய் ஜீப்புக்கு அடியில் படுத்துக் காட்டி விளக்கிய பிறகு, பூட்டை நீங்களே வெளியில் பார்த்து வாங்குங்கள் என்று அனுமதி கிடைத்தது. இரும்புப் பெட்டியும் இறங்கியது. இனி எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

மனைவியின் தம்பி பட்டறை வைத்திருந்தான். தானாகப் பூட்டி, தானாகத் திறந்துகொள்ளும் வகைதான் சிறந்தது என்று அவன் அடித்துச் சொன்னான். குழாய் இல்லை, வயர் இல்லை, பொத்தான் இல்லை, வைத்துவிட்டு மறந்துவிடலாம். உதிரிபாகக் கடைக்காரரோ அதைக் கேட்டுக் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கீழேயே வைத்துவிட்டார். முன் ஆக்சிலில் அதை வைத்தால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. காற்றழுத்தத்தில் பூட்டும் வகையை வாங்குங்கள். வேண்டும்போது பொத்தானை அழுத்தினால் பூட்டும், வேண்டாதபோது விட்டுவிடும் என்றார். மின்சாரத்தில் பூட்டும் வகை ஒன்றும் உண்டு, ஆனால் சேற்றுத் தண்ணீரில் அதன் வயர்களை நம்ப முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நிதானம் ஒன்பது நாள் யோசித்தார். சாப்பிடும்போது யோசித்தார். மனைவியின் நூல்கண்டுகளை இரண்டு பக்கமும் செருகி ஒரு பென்சிலை உருட்டிப் பார்த்தார். நீலக் கண்டு சுற்றியது, சிவப்புக் கண்டு நின்றது. பிறகு சிவப்பு சுற்றியது, நீலம் நின்றது. ஒன்பதாம் நாள் மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"எப்ப பூட்டணும், எப்ப திறக்கணும்னு யாருங்க முடிவு பண்றது? நீங்களா, அதுவா?"

"உன் தம்பி சொல்றதுல அதுவே முடிவு பண்ணிக்கும். கடைக்காரர் சொல்றதுல நான்தான் முடிவு பண்ணணும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நீலக் கண்டைப் பென்சிலிலிருந்து உருவிக்கொண்டாள்.

"அப்ப அதுவே முடிவு பண்ணிக்கட்டும்."

மச்சினன் இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தான். நகரத் தெருக்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. மருத்துவமனைக் காவலாளி, வண்டிக்கும் மூட்டுவலி வந்துவிட்டதா என்று கேட்டார். எலும்பு முறிவுப் பிரிவில் வரிசையில் நின்றவர்கள் ஜீப்பை அனுதாபத்தோடு பார்த்தார்கள். சேறு வரட்டும், அப்போது தெரியும் என்று நிதானம் பொறுத்துக்கொண்டார்.

சேறு வந்தது. பள்ளத்தில் இறங்கியதும் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றாகக் கடித்துப் பிடித்தன. ஜீப் குதிரைபோல எழும்பியது. நர்ஸ் கைதட்டக் கையை எடுத்தார். ஆனால் பள்ளம் முடிகிற இடத்திலேயே பாதை வலப்பக்கம் திரும்புகிறது. நிதானம் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பூட்டிய சக்கரங்கள் திரும்ப மறுத்தன. ஜீப் நேராக வேலியைத் தாண்டி, ஒரு காய்கறிப் பாத்தியை முழுதாகக் கடந்து, வரப்பில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் அழகாகச் சுற்றின.

பாத்தி கயிற்றுக்காரருடையது. நிதானம் இறங்கி, நசுங்கிய செடிகளை நிமிர்த்தப் பார்த்தார்.

"பரவாயில்ல டிரைவரண்ணே, செடி திரும்ப முளைக்கும்," என்றார் கயிற்றுக்காரர். "பெஞ்சு கொண்டுவரச் சொல்லியாச்சு. சிஸ்டர் உட்காரட்டும்."

நான்கு மணி நேரம் கழித்து மலைமேல் போய்ச் சேர்ந்தபோது முகாம் நடக்கும் கூடத்தில் ஒரே ஒருத்தர் இருந்தார். அந்த ஆசிரியை. வகுப்பை விட்டுவிட்டுக் காலையிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. வந்துவிடுவீர்கள் என்று தெரியும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட நிதானத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவரே மச்சினனிடம் போய் அதைக் கழற்றச் சொன்னார். மச்சினனுக்கு முகம் சுருங்கிப்போனது. கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு காற்றழுத்த வகையைக் கொடுத்தார். கொடுக்கும்போது, நான் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை, பென்சிலை மட்டும் காதில் திரும்பச் செருகிக்கொண்டார். காற்றை அடைக்கும் சிறிய கம்ப்ரஸரை வைக்க நர்ஸின் இருக்கைக்கு அடியில்தான் இடம் இருந்தது. அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் அந்த அதிர்வில் நர்ஸ் அரை அடி உயர்ந்தார். மச்சினன் கோபத்திலும் வேலையைச் சுத்தமாகச் செய்தான். ஆனால் கோபத்தில் செய்ததால் குறுக்கு வழியில் செய்தான். காற்றுக் குழாயை எது கிட்டத்து வழியோ அப்படியே கொண்டுபோய் முன் ஆக்சிலில் சேர்த்துவிட்டான்.

வியாழக்கிழமை. பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, பச்சை விளக்கு எரிவதற்காக நிதானம் காத்திருந்தார். விளக்கு எரிந்தது. இறங்கினார். நடுப் பள்ளத்தில் வண்டிக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. விளக்கு அணைந்தது. வலது முன் சக்கரம் சுற்றத் தொடங்கியது. இடது நின்றது.

புகைக்குழாயின் சூட்டில் காற்றுக் குழாய் இளகி ஓட்டையாகியிருந்தது. அன்று நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பேரைப் பார்த்தார். பதிவேட்டில் பக்கம் தீர்ந்துபோய் அட்டையின் உள்பக்கத்தில் எழுதினார்.

வீட்டுக்கு வந்த நிதானம், நகர வண்டிக்கே மாற்றல் கேட்கப் போவதாகச் சொன்னார். ஆறு வாரத்தில் ஒன்றுதான் மிச்சம். மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"குழாயைக் கொண்டுபோய் நெருப்பு மேலயா படுக்க வைப்பே?" என்று தம்பியைக் கேட்டாள். "நான் ஒரு ஜாக்கெட்டுக்கு இப்படிக் கை வச்சா யாராவது சும்மா விடுவாங்களா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அக்காவுக்கு முன்னால் அவனுக்கு எப்போதும் ஏழு வயதுதான். அன்று சாயங்காலத்துக்குள் புதுக் குழாய் சட்டத்தின் மேல்பக்கமாகச் சுற்றிப் போனது. அவள் கூடாரத் துணியில் இரட்டைத் தையல் போட்டு அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள்.

அவள் அதோடு விடவில்லை. வளைவில் ஏன் வண்டி திரும்பவில்லை என்று கணவரிடம் மறுபடி கேட்டாள். பூட்டியிருந்தால் திரும்பாது, திறந்தால்தான் திரும்பும் என்றார் நிதானம். அவள் அவரைக் கையைப் பிடித்து மிஷினுக்கு முன்னால் கூட்டிப்போனாள். துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தை இறக்கி ஒரு கோடு தைத்தாள். மூலை வந்ததும் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்கினாள்.

"நேராப் போறவரைக்கும் அழுத்தியிருக்கணும். திரும்பறதுக்கு முன்னாடி தூக்கிடணும். இதுக்கு ஒன்பது நாள் யோசனை எதுக்குங்க?"

மூன்று நாள் பட்டறைக்குப் பின்னால் இருந்த வெற்றுநிலத்தில் பழகினார்கள். மச்சினன் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கினான். நிதானம் இறங்கினார், அழுத்தினார், ஏறினார். மனைவி ஓரத்தில் நின்று, பாதத்தைத் தூக்குங்க, பாதத்தைத் தூக்குங்க என்று குரல் கொடுத்தாள். முதல் நாள் நான்கு தடவை மறந்தார். மூன்றாம் நாள் ஒரு தடவைகூட மறக்கவில்லை. மச்சினன் வாயைத் திறந்து, காற்றழுத்தமும் மோசமில்லை மாமா என்று ஒப்புக்கொண்டான்.

கடைசி வியாழக்கிழமை மேலாளரே வண்டியில் ஏறிக்கொண்டார். நர்ஸ் பின் இருக்கைக்குப் போனதால் கம்ப்ரஸர் ஓடியபோது அரை அடி உயர்ந்தது மேலாளர்தான். பள்ளத்தின் விளிம்பில் நிதானம் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பிடித்தன, வண்டி ஆடாமல் அசையாமல் ஏறியது, வளைவுக்கு இரண்டடி முன்னால் பொத்தானை விட்டார், ஸ்டியரிங் வெண்ணெய்போலத் திரும்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வாரம்?" என்றார் மேலாளர்.

நிதானத்துக்குக் கண் கலங்கியது. யாராவது கைதட்டுவார்கள் என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கயிறு, பலகை, மண்வெட்டியோடு எல்லோரும் பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி. ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், போகிற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இன்று எடை பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன் என்று பின்னாலிருந்து நர்ஸ் மெல்லச் சொன்னார். வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்ற விதியை மேலாளர் நினைவுபடுத்தினார்.

நிதானம் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சாவியையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ஜின் சூடாயிடுச்சு சார். ஒரு அரை மணி நேரம் ஆறணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய். அதையும் நிதானமாகத்தான் சொன்னார்.

பெஞ்சு மரத்தடிக்கு வந்தது. வேறு வேலையில்லாத மேலாளர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பதினெட்டுக் குழந்தைகளின் எடை ஒவ்வொரு வாரமும் ஏறியிருந்தது. ஆறாமல் கிடந்த ஒரு கால்புண், வாராவாரம் ஒரு வரியாகச் சுருங்கி, ஆறியும்விட்டிருந்தது. இந்த முப்பது வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. சேர்க்கச் சொல்லி நர்ஸ் எழுதிய இரண்டு கடிதங்கள் மேலாளரின் மேசையிலேயே எங்கோ இருந்தன. அவர் பதிவேட்டை மூடி வைத்தார். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று தனக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். அளவு அதிகமாக இருந்தது. உப்பைக் குறையுங்கள், கோபத்தையும் குறையுங்கள் என்று நர்ஸ் அவருக்கும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

அந்த அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, மேலாளர் பயணத் தாளை எடுத்து முழங்காலில் வைத்துத் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். இனி ஒவ்வொரு வியாழனும் இந்த இடத்தில் முக்கால் மணி நேரம் வண்டி நிற்கும். அதற்கேற்பக் காலையில் முன்னதாகவே புறப்படும். நர்ஸ் அதை உரக்கப் படித்துக் காட்டினார். கைக்குழந்தைக்காரி சிரித்தாள். பெஞ்சைத் தூக்கிவந்தவர்கள் அதை இனி இங்கேயே நட்டுவிடலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது கிளம்பினாலும் ஆசிரியையின் முதல் வகுப்பு முடிவதற்குள் மலைமேல் இருக்கலாம். சாவியைப் போட்டு என்ஜினை முடுக்கினார்.

கயிற்றுக்காரர் கயிற்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே வந்தார். மேலாளர் அந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்படின்னா டிரைவரண்ணே, இனிமே புதன்கிழமை சாயங்காலம் நாங்க வாய்க்காலைத் திருப்பி இந்தப் பள்ளத்துக்குத் தண்ணி கட்ட வேண்டாம், இல்லையா?"